மஹ்மூது போட்ட கோடு

முழங்கால் மாற்றத்தான் வேண்டும் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னபோது, நடக்கலாமா என்று உம்மு குல்சூம் கேட்கவில்லை. படி ஏறலாமா என்றும் கேட்கவில்லை. நெற்றியை நிலத்தில் வைக்கலாமா என்றுதான் கேட்டாள். டொக்டர் விளங்காமல் பார்த்தார். பக்கத்தில் நின்ற புருஷன் மஹ்மூதுதான் விளக்கம் சொன்னார்: ஆறு வருஷமாக இவள் கதிரையில் இருந்துதான் தொழுகிறாள், குனிந்து சுஜூது செய்ய முடியவில்லை, அதைத்தான் கேட்கிறாள் என்று.

டொக்டர் நேர்மையான ஆள். எல்லாருக்கும் அது முடிவதில்லை என்றார். மெத்தென்ற விரிப்புப் போட்டு மெல்ல மெல்லப் பழகி முழங்காலில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு முதலில் கால் நன்றாக மடிய வேண்டும், மடிய வைப்பது என் கையில் இல்லை, உங்கள் பயிற்சியில்தான் இருக்கிறது என்றார். உம்மு குல்சூமுக்கு அந்தப் பேச்சின் முன்பாதி காதில் ஏறவில்லை. பின்பாதியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு மன்னாருக்குத் திரும்பினாள்.

அவளுக்கு அறுபத்தாறு வயது, சீனி வருத்தமும் உண்டு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரை விட்டு வெளிக்கிட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருபது வருஷம் குந்தியிருந்து அடுப்பு ஊதிய கால் அது. திரும்பி வந்து சொந்த மண்ணில் வீடு கட்டிச் சீமெந்துத் தரையும் போட்ட பிறகு, அந்தத் தரையில் இருக்க முடியாமல் போயிற்று. நோன்பு காலத்தில் பெண்கள் கூடித் தொழும் வீட்டில் எல்லாரும் வரிசையாக நிற்க, இவள் மட்டும் ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பாள். எல்லாருடைய நெற்றியும் நிலத்தில் கிடக்கும். இவளுடைய நெற்றி மட்டும் அந்தரத்தில் நிற்கும். யாரும் குறை சொன்னதில்லை, மார்க்கமும் குறை சொல்லவில்லை. அவளுக்குத்தான் அது வெட்கமாக இருந்தது.

ஒப்பரேசன் முடிந்து ஐந்தாம் நாள் வாடகை வான் ஒன்றில் படுக்க வைத்து, மன்னார்த் தீவுப் பாலத்தைக் கடந்து கொண்டுவந்தார்கள். வலது கால் தொடையிலிருந்து பாதம் வரை வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டு, கணுக்காலுக்குக் கீழே கருநீலமாக இரத்தம் இறங்கியிருந்தது. தொட்டால் அடுப்புச் சட்டிபோலச் சுட்டது. இது என்னுடைய கால்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மன்னார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறவன் பார்த்தீபன். பெருநிலப் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பொடியன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், மெல்லப் பேசுவான். முதல் நாளே அவன் சட்டத்தைச் சொல்லிவிட்டான். படுக்கும்போது தலையணை குதிக்காலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் வைக்கவே கூடாது, கால் வளைந்தபடியே இறுகிப்போகும். ஐஸைத் துணியில் சுற்றி இருபது நிமிஷம், நாளுக்கு நாலைந்து தரம். பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்னால் வலிக் குளிசை. பிறகு கதிரையில் இருந்துகொண்டு, பாதத்தை நிலத்தில் உரசியபடியே குதிக்காலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

"வீக்கம் வத்தினால்தான் மடியும் அம்மா, மடிச்சால்தான் வீக்கம் வத்தும். நோவுக்குப் பயந்து ஒரு நாள் விட்டால் ரெண்டு நாள் பின்னால போயிடும். மூண்டு மாசத்துக்குள்ள மடியாட்டி அது அப்படியே இறுகிடும்" என்றான்.

மஹ்மூது இதையெல்லாம் ஒரு வியாபாரம்போலப் பொறுப்பெடுத்தார். நாற்பது வருஷம் மீன் பெட்டி கட்டி அனுப்பிய மனுஷன், ஐஸ் விஷயத்தில் அவருக்குப் பாடம் எடுக்க ஆள் தேவையில்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டுக் கரைக்குப் போவார், வரும்போது ஐஸ் கட்டியில் ஒரு துண்டை வாளியில் போட்டுக் கொண்டுவருவார். சாக்குக்குள் வைத்து மரக்கட்டையால் அடித்துத் தூளாக்கி, துவாயில் கட்டி அவள் முழங்காலைச் சுற்றி வைப்பார். மகள் ஷிஹானா ஃபிரிட்ஜில் ஐஸ் இருக்கிறதே என்றால், அது சர்பத்துக்குப் போடுகிற ஐஸ், இதுதான் வேலை செய்கிற ஐஸ் என்பார். அந்த ஐஸில் மீன் மணம் அடிக்கும். கால் முழுக்கச் சூரை மணக்கிறது, தொழுகைக்கு முன்னால் தினமும் கழுவ வேண்டியிருக்கிறது என்று உம்மு குல்சூம் சிணுங்குவாள்.

"மணந்தா மணக்கட்டும் புள்ள. ஐசில வச்ச சாமான் பழுதாகாது" என்பார் மஹ்மூது.

அவர் செய்த இன்னொரு வேலை கோடு போட்டது. மண்டபத்தில் கதிரையைப் போட்டு, அதன் நாலு காலையும் சுற்றி, மீன் பெட்டியில் பெயர் எழுதுகிற நீல மார்க்கரால் தரையில் நாலு வட்டம் வரைந்தார். கதிரை ஒரு விரல் நகர்ந்தாலும் கணக்குப் பிழைத்துவிடுமாம். பிறகு உம்மு குல்சூம் குதிக்காலை இழுத்து இழுத்து, இனி முடியாது என்று பல்லைக் கடித்து நிற்கிற இடத்தில் குனிந்து ஒரு கோடு போடுவார். அது அன்றைய கோடு. கதிரையின் முன்கால் இரண்டுக்கும் நேரே தடிப்பாக ஒரு கோட்டை முதலே போட்டு வைத்திருந்தார். அங்கே குதிக்கால் வந்தால் தொண்ணூறு பாகை என்று பார்த்தீபனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போட்ட கோடு அது. அதைத் தாண்டினால்தான் மற்றதெல்லாம், சுஜூது உட்பட.

அந்த நோவை என்னவென்று சொல்வது. நாலு பிள்ளை பெற்றவள், அதில் மூன்றை மண்ணுக்குக் கொடுத்தவள், நோவு என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை. ஆனால் பிள்ளை நோவு தானாக வருவது. இது தன்னைத் தானே வலிக்கச் செய்கிற நோவு. குதிக்கால் ஒரு விரல் பின்னால் போகும்போது முழங்காலுக்குள் ஈரத்துணியைக் கிழிப்பதுபோல எதுவோ கிழியும், கண் இருட்டும், "யா அல்லாஹ்" என்று அவள் கத்துவது பக்கத்து வளவுக்குக் கேட்கும். ஷிஹானா குசினிக்குள் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்வாள். மஹ்மூது மட்டும் அசைய மாட்டார். நிலத்தில் கன்னம் படக் குனிந்திருந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று படகை இழுக்கிறவர்போலச் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் ஏசுவாள், கல்நெஞ்சக்காரன் என்பாள். அவர் கோட்டைப் போட்டுவிட்டு எழும்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

பதின்மூன்று நாளில் பதின்மூன்று கோடு. பதின்மூன்றாவது கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கரை சேர்ந்துவிடுவாய் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் காலை ஐஸ் எடுக்கப் போனவர், மீன் பெட்டி ஒன்றின் மேல் இருந்தார், இருந்தபடியே சாய்ந்தார். நெஞ்சு நின்றுவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு வந்த ஓட்டோவிலேயே ஐஸ் வாளியும் வந்தது. யாரோ அதைக் குசினி வாசலில் இறக்கி வைத்தார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, பள்ளிக்குக் கொண்டுபோகும்வரை வாளி அங்கேயே இருந்தது. பின்னேரம் அசர் தொழுகைக்கு அதற்குள் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

பட்ட காலிலே படும் என்று சொல்வார்கள். உம்மு குல்சூமின் விஷயத்தில் அதை அப்படியே எழுத்தெண்ணிச் செய்து காட்டியது விதி.

அன்று மாலையே அவள் இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற கடமை அது. வெள்ளை உடுத்தினார்கள், உள் அறைக்குள் கட்டிலைப் போட்டார்கள், வாசலில் திரை தொங்கியது. பிளாஸ்டிக் கதிரையும் உள்ளே வந்தது. ஆண்கள் வந்து இருக்கிற மண்டபத்தில் சுவருக்குச் சுவர் பாய் விரித்தார்கள். நீலக் கோடுகள் பாய்க்குக் கீழே போயின.

ஊரே வந்தது. மஹ்மூதின் தங்கை றிப்கா வந்தவள் வந்தவள்தான், நாற்பது நாளும் போகவில்லை. நல்ல மனுஷி, அன்புக்கு அளவில்லாதவள், ஆனால் எதையும் அரைகுறையாக விட்டு வைக்க மாட்டாள். வந்த அன்றே மதினியின் காலைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, ஒரு தலையணையை மடித்து முழங்காலுக்குக் கீழே கொடுத்தாள். அம்மாடி, என்ன சுகம். பதினெட்டு நாளில் முதல் தடவையாக உம்மு குல்சூமுக்கு உடம்பு இளகிற்று. அந்தத் தலையணை கூடாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பார்த்தீபனின் குரல்கூடக் காதில் கேட்டது. என் மனுஷன் மண்ணுக்குள் போய் ஒரு நாள் ஆகவில்லை, இன்றைக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அது இருந்தது. றிப்கா எண்ணெய் காய்ச்சி இளஞ்சூட்டோடு தடவினாள், சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். வீக்கத்துக்குச் சூடு வைத்தால் அது இறங்குமா? ஏறியது. ஏற ஏற இன்னும் தடவினாள்.

ஷிஹானாவுக்கு மனம் பொறுக்கவில்லை. அவள் புருஷன் கத்தாரில், வீட்டில் முடிவெடுக்க வேறு ஆள் இல்லை. ஒருநாள் றிப்கா குளிக்கப் போன நேரம் பார்த்து உம்மாவின் பக்கத்தில் வந்து இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் இரண்டு தவறிவிட்டது, மருந்து விஷயத்துக்கு இத்தாவில் வெளியே போகலாம் என்றுதான் கேள்வி, மௌலவிக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்போமா என்றாள்.

உம்மு குல்சூம் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. புத்தளத்தில் இருந்த காலத்தில் பக்கத்துக் கொட்டில் பெண் இத்தாவில் இருந்துகொண்டே சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போய் வந்ததை அவளே கண்டிருக்கிறாள். பகலில் போய்ப் பகலிலேயே திரும்பினால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் முழங்காலுக்குள் அந்தத் துணி கிழிந்தது. அவர் இல்லாமல் அந்த நோவைத் தாங்க வேண்டும் என்று நினைத்தபோதே அவளுக்கு வியர்த்தது.

"வேணாம் புள்ள. இத்தாவில இருக்கிறவளை அந்நிய ஆம்பிளை காலைப் பிடிச்சு முறுக்கிறதோ. அல்லாஹ் சுகம் தருவான்" என்றாள்.

ஷிஹானா எழும்பிப் போனாள். இந்தச் சொல் எப்படியோ றிப்காவின் காதுக்குப் போய், றிப்காவின் வாயால் ஊருக்குப் போயிற்று. கால் போனாலும் பரவாயில்லை என்று இத்தாவைக் காக்கிறாளே, இப்படி ஒரு பொம்பிளை இந்தக் காலத்தில் உண்டா என்று வந்தவர்கள் எல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார்கள். உம்மு குல்சூம் கேட்டுக்கொண்டே கிடந்தாள். ஒவ்வொரு புகழ்ச்சியும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மறுத்து ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை பார்த்தீபனே வந்துவிட்டான். வேலை முடிந்து, மோட்டார் சைக்கிளில், கையில் ஒரு கொப்பியோடு. சாவு வீட்டுக்கு வருகிற முறைப்படி வெளியே செருப்பைக் கழற்றி, தலையைக் குனிந்து மண்டபத்துக்குள் வந்து, ஐயா நல்ல மனுஷன் என்று சொன்னான். இத்தா என்றால் என்ன என்று அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உள்ளே போகக் கூடாது என்பதை மட்டும் அறிந்து வைத்திருந்தான். திரைக்கு அந்தப் பக்கம் வேறொரு கதிரையைப் போட்டு இருந்தான். பாய்க்குக் கீழே மஹ்மூதின் கோடுகள் இருந்த இடம் அது. ஷிஹானா தேத்தண்ணியோடு நின்றாள்.

எத்தனை பாகை மடிகிறது என்று பார்த்தீபன் கேட்டான். தான் உள்ளே வந்து அளக்க முடியாது, அது விளங்குகிறது, மகளை வைத்து அளப்பிக்கலாம், அல்லது ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை ஒருத்தி இருக்கிறா, நாளைக்கே கூட்டி வருகிறேன் என்றான். இதற்கு மேல் அந்தப் பொடியன் என்னதான் செய்வான். எல்லாக் கதவையும் அவன் திறந்துதான் வைத்தான்.

கட்டிலில் உம்மு குல்சூம் தலையணையின் மேல் காலைப் போட்டுக் கிடந்தாள். நாளைக்கு ஒரு பிள்ளை வரும், காலைப் பிடிக்கும், மடிக்கும்.

"தேவையில்லத் தம்பி. நல்லா மடியுது. எங்கட மனுசன் போட்டு வச்ச கோட்டைத் தாண்டிட்டுது" என்றாள்.

"தொண்ணூறு வந்திட்டுதோ அம்மா?"

"ஓம். தாண்டிட்டுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஒரு திரை இருந்தால் முழங்காலையும் மறைக்கலாம். பார்த்தீபன் நம்பினான். ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்? ஒன்றுவிட்டு ஒரு நாள் அந்த ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்து கோட்டுக் கணக்கைச் சந்தோஷமாகச் சொன்னதை அவன் மறக்கவில்லை. நல்லது அம்மா, விட்டுவிடாதேங்கோ என்று சொல்லி, கொப்பியில் தொண்ணூறு என்று எழுதிக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். ஷிஹானா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வரவில்லை. குசினியில் கோப்பை கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதன் பிறகு நாள்கள் ஒன்றுபோல ஒன்று போயின. வெளியே கச்சான் காற்று எழும்பி, மண்ணை அள்ளிக் கதவில் அடித்தது. தெருக் கழுதைகள் மதில் நிழலில் வந்து நின்றன. வீக்கம் தானாகக் கொஞ்சம் வற்றியது, நோவும் குறைந்தது. மடிக்காத கால் நோகாதுதானே. அதைச் சுகம் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். கதிரையில் தொழுதாள். இத்தா முடியட்டும், நாலு நாளில் பிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று மாதம் என்று பார்த்தீபன் சொன்ன கணக்கு அவளுக்கு மறக்கவில்லை. மூன்று மாதம் முடிந்த அன்று காலையில் அவள் இரண்டு தரம் அழுதாள். மஹ்மூதை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துப் பேசாமல் விட்டார்கள்.

இத்தா முடிந்த மறுநாள் ஷிஹானாவே ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனாள். பார்த்தீபன் சிரித்த முகத்தோடு வந்து, நடக்கச் சொல்லிப் பார்த்தான். நாலு அடியிலேயே அவன் சிரிப்புப் போய்விட்டது. மேசையில் ஏற்றி, இரண்டு கை உள்ள பிளாஸ்டிக் அளவுகோலை முழங்காலில் வைத்து மடித்துப் பார்த்தான். நாற்பத்தெட்டு. மறுபடி வைத்தான். நாற்பத்தெட்டு. நீட்டச் சொன்னான், தலையணை வைத்த வளைவு அப்படியே நின்றது, கால் முழுதாக நீளவும் இல்லை. சுவரில் மோதியதுபோல முழங்கால் நின்ற இடத்தில் நின்றது. நோகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவன் கொப்பியைப் புரட்டி அன்றைக்கு எழுதிய பக்கத்தைப் பார்த்தான். பிறகு வெளியே போய் யாழ்ப்பாணத்து டொக்டரோடு பேசிவிட்டு வந்தான். மயக்க மருந்து கொடுத்து மடித்து விடுகிற காலம் தாண்டிவிட்டது, இனி மறுபடி வெட்டித்தான் பார்க்க வேண்டும், சீனி வருத்தமும் இருக்கிறபடியால் அவர் அதற்கு விரும்பவில்லை, வெட்டினாலும் மடியும் என்று சொல்ல முடியாதாம். பொல்லு ஒன்றோடு நடக்கலாம். கதிரையில் காலை முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கலாம்.

"தொண்ணூறு எண்டெல்லோ எழுதியிருக்கிறன்" என்றான், யாரையும் பார்க்காமல்.

ஷிஹானா தலையைக் குனிந்துகொண்டாள். பிழை தன்னுடையதுதான், தான் ஒழுங்காகப் பயிற்சி செய்விக்கவில்லை என்றாள். அவன் ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. உம்மு குல்சூம் வாயைத் திறக்கத்தான் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் ஆள்கள் இருந்தார்கள். வாய் திறக்கவில்லை. மகளின் தலையில் தன் பொய்யை ஏற்றி வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் மண்டபத்துப் பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தரை கழுவியிருந்தது. நீலக் கோடுகள் போகவில்லை. இத்தா முடிவுக்கு வந்திருந்த றிப்கா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத மை அது. கடலில் நனைகிற பெட்டிக்கு எழுதுகிற மை.

"கதிரையைக் கொண்டு வா புள்ள" என்றாள் உம்மு குல்சூம்.

ஷிஹானா நாலு வட்டத்துக்குள் நாலு காலையும் சரியாக வைத்தாள். உம்மு குல்சூம் இருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்காலை இழுத்தாள். முழுப் பலத்தையும் கொடுத்து, கதிரையின் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். பதின்மூன்று கோடும் தடித்த கோடும் அவள் காலுக்குப் பின்னால் கிடந்தன. குதிக்கால் முதலாவது கோட்டுக்கே வரவில்லை. வீங்கி, நீலம் பாரித்து, வாடகை வானில் இருந்து தூக்கி இறக்கிய அன்று, அவர் முதன்முதலாகப் போட்ட கோடு. அதற்கும் மூன்று விரல் முன்னாலேயே கால் நின்றுவிட்டது.

"ஷிஹானா, அந்தத் தம்பி வந்த அண்டு நான் பொய் சொன்னனான்."

"தெரியும் உம்மா."

"மௌலவியிட்டக் கேப்பம் எண்டு நீ சொன்னனி. நான் வேணாம் எண்டது மார்க்கத்துக்காக இல்ல. நோவுக்குப் பயந்து. அல்லாஹ்வைச் சாட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தனான். ஊர் என்னைப் புகழப் புகழக் கேட்டுக்கொண்டு கிடந்தனான்."

ஷிஹானா தரையில் இருந்தாள், வாப்பா குனிந்து கோடு போடுகிற அதே இடத்தில். கொஞ்ச நேரம் முதல் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க தாண்டிட்டுது எண்டு சொல்லேக்க நான் பார்த்தீபனுக்கு முன்னாலதான் நிண்டனான் உம்மா. அதுக்கு முதல் நாளும் உங்களை உடுப்பாட்டினது நான்தானே, எனக்குத் தெரியாதோ. இல்லையெண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாப்பா போய் மூண்டு கிழமை. நீங்க திருப்பியும் கத்துறதைக் கேக்க எனக்கு ஏலாமக் கிடந்தது. அதான் சொல்லேல்ல."

இருவரும் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை இலேசாகியிருக்கும். இந்த வீட்டில் மனம் இரங்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆள் இருந்த பதின்மூன்று நாளும் கால் பின்னால் போய்க்கொண்டிருந்தது என்று உம்மு குல்சூம் நினைத்தாள். கல்நெஞ்சக்காரன் என்று அவரை ஏசியதும் நினைவுக்கு வந்தது.

பள்ளியில் அசருக்குப் பாங்கு சொன்னார்கள். ஷிஹானா கை கொடுத்து அவளை எழுப்பி, கை கால் கழுவி வுளூச் செய்வித்து, திரும்பவும் அதே கதிரையில் இருத்தினாள். கதிரையைத் தொழுகிற திசைக்கு, கிப்லாவுக்கு, திருப்பவா என்று கேட்டாள். தேவையிருக்கவில்லை. மஹ்மூது வட்டம் போடும்போதே கிப்லாவைப் பார்த்துத்தான் போட்டிருந்தார். அதை உம்மு குல்சூம் இன்றைக்குத்தான் கவனித்தாள்.

தக்பீர் கட்டித் தொழுதாள். சுஜூதுக்குக் குனிந்தபோது காலை முன்னால் நீட்டியபடி குனிய முடிந்த மட்டும் குனிந்தாள். அவளுடைய நெற்றிக்கு நேரே கீழே நீட்டிய காலும், அதன் இரண்டு பக்கத்திலும் நீலக் கோடுகளும் தெரிந்தன. நெற்றிக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒன்றரை முழம் இருந்தது. சாகும்வரை அது அவ்வளவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே, வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தாள்.

சலாம் கொடுத்து முடித்தபோது முழங்கால் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது. பார்த்தீபன் மடித்துப் பார்த்ததும், இவள் இழுத்துப் பார்த்ததும் சேர்ந்து செய்த வேலை. ஷிஹானா சொல்லாமலே போய் ஐஸ் எடுத்து, துவாயில் கட்டிக்கொண்டு வந்து, முழங்காலைச் சுற்றி வைத்தாள். உம்மு குல்சூம் அந்தத் துவாயின் நுனியைத் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஃபிரிட்ஜில் உறைந்த ஐஸ். அதில் ஒரு மணமும் இருக்கவில்லை.